மாலை வகுப்பில் பிரெஞ்சு மொழி: ஒரு வரலாற்று நோக்கு

சில மாதங்களுக்கு முன், எம்மிடம் முன்னர் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் பாரிஸ் நகரிலிருந்து தொலைபேசியில் எம்மை அழைத்து இலக்கண ஐயமொன்றைக் கேட்டார். ‘மழை பெய்கின்றது’ என்று சொல்லும்போது பிரெஞ்சு வினை ஒரு வடிவில் நிற்கின்றது. ‘மழை பெய்கின்றபோதிலும்’ என்று சொல்லத் தொடங்கியதும் அதே வினை வேறொரு வடிவம் கொள்கின்றது. இது ஏன் என்பதே அவர் வினா. தமிழில் ஓர் ‘உம்’ செய்யும் வேலையைப் பிரெஞ்சு மொழி ஓர் இணைப்புச் சொல்லாலும் வினையின் மாறிய உருவத்தாலும் செய்கின்றது என்று கூறினோம். எதிராளி கூறுவதை ஒருபுறம் ஏற்றுக்கொண்டு, மறுபுறம் தன் கருத்தை நிலைநாட்ட முனைபவனுக்கு இவ்வடிவம் இன்றியமையாதது என்றும் விளக்கினோம். அவர் சிரித்துவிட்டு, “சேர், குசினியிலே பன்னிரண்டு வருசமாக இது எனக்குத் தேவைப்படவில்லை” என்றார்.

இப்பொழுது தேவைப்படுகின்றது. பிரான்சின் 2024 சனவரி 26 ஆம் திகதிய குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 சனவரி முதலாம் திகதியிலிருந்து அந்நாட்டின் குடியுரிமையை வேண்டி விண்ணப்பிப்போர் பேச்சிலும் எழுத்திலும் ‘பி2’ என்னும் மட்டத்தை எய்தியமைக்குச் சான்று காட்டல் வேண்டும். ஐரோப்பிய மொழிப் படிநிலைகள் ஆறனுள் இது நான்காவது. உயர் இடைநிலை எனலாம். கடையிற் பொருள் வாங்குவதற்கும், முதலாளியின் கட்டளையை விளங்கிக்கொள்வதற்கும் கீழ்ப்படிகளே போதும். நான்காம் படியில் நிற்பவன் வாதிடவும், மறுக்கவும், நியாயம் காட்டவும் வல்லவனாதல் வேண்டும். பகலில் உழைக்கும் மனிதன் மாலையில் வந்தமர்ந்து இம்மொழியைக் கற்பது நேற்றுத் தொடங்கிய ஒன்றன்று. அதற்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. உழைப்பவனுக்கு எவ்வளவு மொழி போதும் என்று தீர்மானிப்பவர் யார் என்னும் கேள்வி அவ்வரலாறு நெடுகிலும் எழுந்துகொண்டேயிருப்பதை நாம் காண்கின்றோம்.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்ளல் நன்று. பிரெஞ்சு மொழி பிரெஞ்சு மக்களனைவரினதும் தாய்மொழியாக என்றும் இருந்துவந்தது என்ற எண்ணம் நம்மிற் பலரிடம் உண்டு. வரலாறு வேறு விதமாகப் பேசுகின்றது. 1794 யூன் மாதத்தில், புரட்சி நடந்துகொண்டிருந்த வேளையிலே, கிரெகுவார் பாதிரியார் மக்கள் பிரதிநிதிகளின் சபைக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். குறைந்தது அறுபது இலட்சம் பிரெஞ்சு மக்கள் நாட்டின் பொதுமொழியை அறியார். ஏறத்தாழ அதேயளவினர் அம்மொழியில் தொடர்ச்சியாக உரையாட இயலாதோர். அதனைத் தூய்மையாகப் பேசுவோர் முப்பது இலட்சத்தைத் தாண்டார் என்பது அவர் கணிப்பு. தொடர்ச்சியாக உரையாட இயலாதோர் என்று அவர் வகுத்த கூட்டத்தை இன்றைய பரீட்சகர் முன் நிறுத்தினால், பஸ்தீயைத் தகர்த்த தலைமுறையிற் பெரும்பகுதியினர் குடியுரிமைச் சான்றிதழின்றி வீடு திரும்புவர் என்று சொல்வதில் தவறில்லை.

புரட்சி அரசு அம்மக்களைக் குடிகளல்லர் என்று தள்ளிவிடவில்லை. பிரெத்தோன், பாஸ்க், செருமன், இத்தாலிய மொழிகள் வழங்கிய பகுதிகளின் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பிரெஞ்சு ஆசிரியரை அனுப்புதல் வேண்டும் என்று 1794 சனவரியிற் கட்டளை பிறப்பித்தது. பிராந்திய மொழிகளை மூடநம்பிக்கையின் இருப்பிடங்கள் எனப் பழித்த ஆதிக்கக் குரலும் அக்கட்டளையின் பின்னால் ஒலித்தது. அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. அனுப்புவதற்குப் போதிய ஆசிரியரும் கிடைத்திலர்; கட்டளை பெரும்பாலும் தாளிலேயே தங்கிற்று. எனினும் குடியுரிமை முதலில், மொழி பின்னர், அம்மொழியைக் கற்பிக்கும் கடன் அரசினது என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

அரசு செய்யத் தவறியதைத் தொழிலாளர் தம் இரவுகளில் தாமே செய்யத் தொடங்கினர். 1830 சூலைப் புரட்சிக்குப் பின் பாரிஸில் பொலிரெக்னிக் கல்லூரியைச் சேர்ந்தோர் ஒரு சங்கம் அமைத்துத் தொழிலாளருக்கு இலவச வகுப்புகளை நடத்தினர். 1848 இல் அதே நோக்குடன் வேறொரு சங்கம் எழுந்தது. தச்சரும் தையற்காரரும் அச்சுக்கோப்போரும் பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேர உழைப்பின் பின் இரவில் விளக்கொளியிற் கூடினர். அவர்களிற் சிலர் 1840 முதல் 1850 வரை நடத்திய ‘பட்டறை’ என்னும் பொருள்கொண்ட பத்திரிகையைக் கைத்தொழிலாளரே எழுதினர். அடுத்த நாளின் உழைப்புக்கென உடலைத் தேற்றிக்கொள்ள விதிக்கப்பட்ட இரவை எழுத்துக்கும் சிந்தனைக்கும் திருப்பியதே அவர்களின் முதற் கிளர்ச்சி என்று, 1981 இல் வெளிவந்த தமது நூலில் சாக் ரான்சியேர் என்னும் அறிஞர் காட்டியுள்ளார். இவரே 1987 இல் யோசெப் சாக்கோத்தோ என்ற ஆசிரியரைப் பற்றியும் எழுதினார். நாடுகடந்து வாழ்ந்த சாக்கோத்தோ 1818 இல் லூவென் நகரிற் பிளெமிய மாணவருக்குப் பிரெஞ்சு கற்பிக்க நேர்ந்தது. அவருக்குப் பிளெமிய மொழி தெரியாது. மாணவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இருமொழியிலும் அச்சான ஒரு கதைநூலை அவர்கள் கையிற் கொடுத்துப் படிக்கச் செய்தார். சில காலத்தின் பின் அவர்கள் பிரெஞ்சில் எழுதிய கட்டுரைகள் அவரையே வியக்கவைத்தன. ஆசிரியத் தொழில் புரியும் எம்மைப் போன்றோர்க்குச் சற்று நாணம் தரும் கதை இது.

இதற்கு நேர்மாறான கற்பித்தலொன்றையும் வரலாறு அறியும். முதலாம் உலகப் போரில் மேற்கு ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின இளைஞர் பிரெஞ்சுப் படைக்குத் திரட்டப்பட்டனர். 1916 இல் அதிகாரிகளுக்கென ஒரு கைந்நூல் வெளியாயிற்று. ‘செனகல் சிப்பாய்கள்’ பேசும் பிரெஞ்சு எப்படிப்பட்டது, அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதே அதன் பொருள். வினையைத் திரிபின்றி மூலவடிவிலேயே வழங்குக, பால் வேறுபாட்டை விடுக, பெயர்முன் வரும் சார்படைகளை நீக்குக என்ற வகையில் அது விதிகளை வகுத்தது. காலமும் நிபந்தனையும் ஐயமும் விருப்பமும் உணர்த்தும் வினைவடிவங்கள் அனைத்தும் கழிந்துபோயின. எஞ்சியது ஏவல். உயிரைக் கொடுக்க வந்தவனுக்கு ‘ஆனால்’ என்ற சொல் எதற்கு என்று அந்நூலை வகுத்தோர் வெளிப்படையாகக் கேட்டிலர். அவர்கள் வகுத்த இலக்கணம் அதைத்தான் கேட்டது.

தென்பிரான்சின் பிரெழூஸ் நகரருகே இச்சிப்பாய்களின் பாசறைகள் இருந்தன. அங்கு வாழ்ந்த லூசி கூஸ்தூரியே என்னும் ஓவியர், முதலில் அயலவரைப் போலவே அவர்களைக் கண்டு அஞ்சியவர், பின்னர்த் தம் வீட்டிலேயே அவர்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடத்தினார். பாசறையிற் கற்ற மொழியை ஊர்மக்கள் கேட்டு நகைக்கின்றனர் என்பதைச் சிப்பாய்கள் உணர்ந்திருந்தனர். தமக்குத் தரப்பட்டது பிரெஞ்சன்று, சிப்பாய்க்கென வெட்டிய ஒரு துண்டு என்று அவர்களுக்குத் தெரிந்தது. கூஸ்தூரியே அத்துண்டை ஒதுக்கிவிட்டு முழுமொழியைக் கற்பித்தார். அவ்வனுபவத்தை 1920 இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அவர் இலக்கணப் புலவரல்லர். பயிற்சி பெற்ற ஆசிரியருமல்லர். தம் முன் அமர்ந்திருப்பவன் தம்மைப் போலவே சிந்திப்பவன் என்று கொண்டார். அவரது முறைக்கு அதுவே அடிப்படை.

அதே காலத்திற் பாரிஸில் வியட்நாமிய இளைஞர் ஒருவர் பகலில் நிழற்படங்களுக்கு மெருகூட்டிப் பிழைத்து, மாலையில் விவாத மன்றங்களுக்கும் நூலகங்களுக்கும் சென்றுகொண்டிருந்தார். 1919 இல் வெர்சாய் மாநாட்டுக்கு வியட்நாமிய மக்களின் கோரிக்கைகள் அனுப்பப்பட்டபோது, நுயென் ஆய் குவொக் என்னும் பெயரில் அவர் கையெழுத்திட்டார். ஆயின் அம்மனுவின் பிரெஞ்சு வாசகத்தை அமைத்தவர் சட்டத்தரணியான பான் வான் துரோங். அத்தகையதொரு மனுவைத் தாமே எழுதும் தேர்ச்சி அவ்விளைஞருக்கு அன்று இல்லை. தொழிலாளர் பத்திரிகையாளர் ஒருவர் முதலில் ஐந்தாறு வரிகளில் ஒரு செய்தி எழுதச் சொன்னார்; பின் சில வரி கூட்டச் சொன்னார்; ஒரு பத்தி நிறைந்தபின் அதனையே சுருக்கி எழுதச் சொன்னார் என்று அவரது வாழ்க்கைக் கதையிற் கூறப்படுகின்றது. கட்டுரைப் பயிற்சி நடத்தும் எந்த ஆசிரியரும் இதனிலும் சிறந்த பாடத்திட்டம் வகுத்துவிடமுடியாது. 1920 டிசம்பரில் தூர் நகரிற் கூடிய சோசலிசக் கட்சி மாநாட்டில் எழுந்து பேசினார். 1922 இல் குடியேற்ற நாட்டுத் தோழருடன் சேர்ந்து ‘லெ பாரியா’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1925 இற் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியைக் கூண்டில் நிறுத்தும் நூலொன்று அவர் பெயரில் வெளிவந்தது. உலகம் பின்னர் அவரை ஹோ சி மின் என அறிந்தது.

அப்பத்திரிகையின் பெயர் பற்றி ஒரு சொல். ‘பாரியா’ என்று பிரெஞ்சு மொழியில் வழங்கும் அச்சொல் நம் தமிழ்ச் சொல்லே. பறையர் என்ற சாதிப்பெயர் போர்த்துக்கேயர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, ஒதுக்கப்பட்டோர் அனைவருக்கும் பொதுப்பெயராயிற்று. நம் சமுதாயம் உலக மொழிகளுக்கு வழங்கிய சொற்களில் இஃதொன்று என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று. ஒதுக்கப்பட்டோர் அதனைத் தமது பத்திரிகையின் முகப்பில் தாமே பொறித்துக்கொண்டமைதான் அச்சொல்லின் வரலாற்றில் மதிக்கத்தக்க திருப்பம்.

இரண்டாம் உலகப் போரின் பின் நிலைமை மாறிற்று. ஆங்கிலம் எங்கும் பரவுவதைக் கண்ட பிரெஞ்சு அரசு, அந்நியருக்கும் குடியேற்ற நாட்டாருக்கும் தன் மொழியை விரைவாகக் கற்பிக்க விரும்பிற்று. 1951 இல் யோர்ச் கூகென்ஹைம் என்னும் மொழியியலாளரின் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதுவரை மொழிப்பாடம் என்றால் செவ்விலக்கிய வாசகமே. கூகென்ஹைம் குழுவினரோ ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு மக்களின் பேச்சைக் கேட்கப் புறப்பட்டனர். 275 பேரின் 163 உரையாடல்களைப் பதிந்தனர். மூன்று இலட்சத்துப் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை எண்ணினர். அன்றாடம் கையாளும் பல பொருட்களின் பெயர்கள் அவ்வுரையாடல்களில் மிக அரிதாகவே வந்தமை அவர்களுக்கு வியப்பளித்தது. ஆகவே உணவு, உடை, உடலுறுப்பு முதலிய 16 துறைகளை வகுத்து, ஒவ்வொன்றிலும் மனத்திற்கு முதலில் எட்டும் சொற்களைப் பாடசாலை மாணவரிடம் கேட்டுத் திரட்டினர். 1954 இல் ‘தொடக்கநிலைப் பிரெஞ்சு’ வெளிவந்தது. முதற்படிச் சொற்பட்டியல் இறுதியில் ஏறத்தாழ 1475 சொற்களாக அமைந்தது.

இடதுசாரி அறிஞர் இதனை வரவேற்கவில்லை. பொதுவுடைமையாளரான மார்செல் கொஹென் என்னும் மொழியியலாளரும் அவர் தோழரும் 1955 இல் ‘தொடக்கநிலைப் பிரெஞ்சா? வேண்டாம்’ என்னும் பொருள்பட ஒரு கண்டன நூலை வெளியிட்டனர். குடியேற்ற நாட்டானுக்குக் குறைமொழியைக் கொடுத்து அவனைக் குறைமனிதனாகவே வைத்திருக்கும் சூழ்ச்சியோ இது என்ற ஐயம் அவர்களுடையது. 1916 ஆம் ஆண்டுக் கைந்நூலை நினைவிற்கொண்டு நோக்கின் அவ்வையம் காரணமற்றதன்று. ஆயினும் அவர்கள் கண்டனம் முழுவதையும் நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. மக்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டு அதிலிருந்து பாடம் அமைத்தமை சனநாயகப் பண்புடைய செயல். சிப்பாய் மொழியைப் போன்று இது மொழியைச் சிதைக்கவில்லை, தொடக்கத்திற்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்தது. முதற்படி கட்டியதில் தவறில்லை. நான்காம் படிக்கு உழைப்பாளியை யார் அழைத்துச் செல்வது என்பதிலேதான் குறை. அந்த வேலையை எவரும் தம் பொறுப்பாகக் கொண்டிலர். முதற்படியில் மேலாளனின் தேவை நிறைவேறிவிடுகின்றது. நான்காம் படியோ உழைப்பாளிக்கு மட்டுமே தேவை.

1954 இற் பிரான்சில் வாழ்ந்த அல்சீரியர் ஏறத்தாழ 2,11,000 பேர். 1962 இல் 3,50,000 பேர். மோட்டார் தொழிற்சாலைகளிலும் கட்டிடத் தளங்களிலும் உழைத்த இவர்களுக்குத் தொழிற்சங்கத்தாரும் மாணவரும் சமயத் தொண்டரும் மாலை வகுப்புகளை நடத்தினர். ஊதியமில்லை, பாடநூலும் அரிது. இவ்விடத்து ஒரு சம்பவத்தைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 1961 ஒக்டோபர் 5 ஆம் திகதி பாரிஸ் பொலிஸ் தலைமையகம் ஓர் அறிவித்தல் விடுத்தது: அல்சீரியத் தொழிலாளர் இரவு 8.30 மணி முதல் காலை 5.30 மணி வரை வீதியில் நடமாடுவதைத் தவிர்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் தச்சரும் தையற்காரரும் தமதாக்கிக்கொண்ட அதே பாரிஸ் இரவு ஓர் இனத்தாருக்கு மூடப்பட்டது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஏழு மணிக்கு வகுப்பிலமரும் ஒருவன் எட்டரைக்குள் தன் குடிசைக்குத் திரும்புவது எங்ஙனம்? ஒக்டோபர் 17 ஆம் திகதி அத்தடையை எதிர்த்து நிராயுதபாணிகளாக ஊர்வலம் வந்தோரைப் பொலிசார் தாக்கிக் கொன்றனர். உடல்கள் செயின் நதியில் வீசப்பட்டன. இறந்தோர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை.

‘பி2’ என்ற அளவுகோலின் பிறப்பு இதற்குப் பத்தாண்டு பிந்தியது. 1971 முதல் ஐரோப்பியப் பேரவையின் ஆதரவில், யோன் திரிம் முதலிய மொழியறிஞர், வயதுவந்தோர் மொழி கற்பதற்கு ஒரு பொது ஒழுங்கை அமைக்க முயன்றனர். கற்பவனின் தேவையிலிருந்து பாடம் தொடங்குதல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1975 இல் ஆங்கிலத்துக்கும் 1976 இற் பிரெஞ்சுக்கும் ‘வாசற்படி’ மட்டம் வகுக்கப்பட்டது. அதற்கு மேலே அமைந்த மட்டத்துக்கு, மலையேறுவோன் சற்று நின்று தான் வந்த வழியையும் சூழ்நிலத்தையும் ஒருங்கே காணும் உயரிடம் என்ற பொருளில் ஆங்கிலத்திற் பெயர் வைத்தனர். 2001 இல் ஆறு மட்டங்களும் ஒரு பொதுச் சட்டகத்துள் அமைந்தபோது அவ்வுயரிடமே ‘பி2’ ஆயிற்று. கற்பவன் தான் எங்கு நிற்கிறான் என்று தானே அறிந்துகொள்ளும் கருவியாக அது எண்ணப்பட்டது.

அக்கருவி குடிவரவு அலுவலகத்தின் மேசைக்கு எவ்வாறு சென்றது? 1945 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பதாரிக்குப் போதிய பிரெஞ்சு அறிவு வேண்டும் என்றது. ஆனால் அவரவர் நிலைமைக்கேற்ப என்ற சொல்லையும் சேர்த்திருந்தது. அதிகாரி ஒருவர் நேரில் உரையாடி முடிவு செய்தார். அம்முறையில் அதிகாரியின் மனப்போக்குக்கும் இடமிருந்தது. கல் உடைப்பவனிடம் கல்லூரி மொழியை எதிர்பாராத நிதானத்துக்கும் இடமிருந்தது. 2012 முதல் ‘பி1’ மட்டம் பேச்சில் மட்டும் கோரப்பட்டது. 2020 இல் எழுத்தும் சேர்ந்தது. 2026 இல் ‘பி1’ ‘பி2’ ஆயிற்று. புதிதாக வந்தோருடன் 2016 முதல் அரசு செய்துவரும் ஒருமைப்பாட்டு ஒப்பந்தமோ ‘ஏ1’ என்ற முதற்படியையே தன் அடிப்படை இலக்காகக் கொண்டது. முதற்படியைக் கொடுத்துவிட்டு நான்காம் படியைக் கேட்கும் முறை இது. 1794 இன் ஒழுங்கு தலைகீழாயிற்று.

கணக்கொன்று பார்ப்போம். முதலெழுத்திலிருந்து இம்மட்டத்தை எய்த ஏறத்தாழ 600 மணிநேர வகுப்பு வேண்டும் என்பது மொழி கற்பிப்போரின் பொதுவான மதிப்பீடு. வாரத்தில் இரு மாலை, மாலைக்கு இரண்டு மணி. ஆண்டில் முப்பது வாரம். ஐந்து ஆண்டுகள் செல்லும், ஒரு மாலையும் தவறாவிடின். பாரிஸ் நகரசபையும் தொண்டர் சங்கங்களும் இத்தகைய வகுப்புகளை நடத்துகின்றன. ஆயின் உணவகத் தொழிலாளிக்கு மாலையே வேலைநேரம், துப்புரவுத் தொழிலாளிக்கு விடியற்காலையே வேலைநேரம். 1980களிலிருந்து நம்மவர் குடியேறிக் கடை வைத்திருக்கும் லா சப்பல் பகுதியில் இவ்விரு வேலைகளையும் செய்வோர் எத்தனை பேர் என்பதை அங்கு சென்று வந்தோர் அறிவர். போர் துரத்த ஓடியவர்கள் தமக்கு வேண்டிய மொழியைச் சமையலறையிலும் நிலவறையிலும் காதாற் கற்றனர். அம்மொழியில் எச்சரிக்கை உண்டு, நகைச்சுவை உண்டு, வசவும் உண்டு. எழுத்து இல்லை.

பரீட்சையின் அமைப்பும் நோக்கத்தக்கது. 1985 முதல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு வழங்கும் தெல்ஃப் சான்றிதழில் இம்மட்டத்துக்குரிய எழுத்துத் தாளில் ஏறத்தாழ 250 சொற்களில் ஒரு வாதக் கட்டுரை அல்லது முறைசார் கடிதம் எழுதுதல் வேண்டும். நகர மேயரின் தீர்மானத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர் சார்பில் எழுதுக என்பது போன்ற வினாக்கள் அதில் வழக்கமானவை. பின் பேச்சுப் பரீட்சையில் ஒரு கருத்தை எடுத்துரைத்து, பரீட்சகரின் மறுப்புக்கு எதிராக அதனைக் காத்தல் வேண்டும். நல்ல பரீட்சை என்றே சொல்வோம். சிப்பாய்க்கு மறுக்கப்பட்ட அத்தனை வினைவடிவங்களும் இங்கு உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவனுக்குப் பிரான்சின் நகரசபைத் தேர்தலில் வாக்கில்லை. மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அடைவதற்கு, மேயரை எதிர்த்து எழுதத் தெரியும் என்று அவன் முதலிற் காட்டுதல் வேண்டும்.

எம் மாணவர் சென்ற கிழமை மீண்டும் அழைத்தார். இரவு பஸ் சேவையொன்றை நிறுத்துவதை எதிர்த்து மேயருக்கு ஒரு கடிதம் எழுதும்படி வகுப்பில் கொடுத்திருந்தார்களாம். வேலை முடிந்து இரவு பஸ்ஸில் திரும்புபவர் என்பதால் எழுத நிறைய இருந்தது. 250 சொல் போதவில்லை என்றார். கடிதம் ‘போதிலும்’ என்ற தொடருடன் தொடங்கிற்று. ஆசிரியை நான்கு இடங்களிற் சிவப்பு மையாற் கோடிட்டிருந்தார். மூன்று எழுத்துப்பிழை, ஒன்று பால் பிழை. “அந்த வினை சரி, சேர்” என்றார்.